பெரியப்பாவின் ‘சீ’

மனிதனுக்கு வாய் என்று ஒன்றை வைத்ததே கடவுள் செய்த பெரிய தப்பு என்று நினைத்த ஒருவரோடு நான் ஒரே வீட்டில் வளர்ந்தேன். அப்பாவுக்கு அண்ணன், எனக்குப் பெரியப்பா. சாப்பிடுவதற்கும் பேசுவதற்கும் அந்த ஓட்டைதான் வேண்டியிருக்கிறதே என்பதில் அவருக்கு வருத்தம். காதால் சாப்பிட முடியும் என்றால் அவர் காதால்தான் சாப்பிட்டிருப்பார்.

எச்சில் அவருக்கு ஆகாது. ஆகாது என்பது நான் மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை. யாராவது டம்ளரை உதட்டில் வைத்துக் குடிப்பதைப் பார்த்துவிட்டால் போதும், மூக்கின் ஒரு பக்கம் மேலே ஏறும். மேலுதடு சுருண்டு பல் தெரியும். தொண்டைக்குள்ளிருந்து ஒரு கரகரப்பு கிளம்பி வந்து கடைசியில் ‘சீ’ என்று வெளியே விழும். குடித்தவன், டம்ளர், டம்ளரைக் கொடுத்த வீடு, அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்த வீடு எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

செகந்திராபாத்தை அடுத்த குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அதில் அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சொம்பு, அவற்றை வைக்கத் தனி அலமாரி. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு அம்மா நக்கிப் பார்த்தால் அன்றைக்கு அவர் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார். அதனால் எங்கள் வீட்டுக் குழம்பில் ஒரு நாள் உப்பு இருக்காது, ஒரு நாள் உப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. அப்பா கவரை நாக்கால் தடவி ஒட்டுவார் என்பதால் அப்பா எழுதிய கடிதத்தை இவர் தபால் பெட்டியில் போட மாட்டார். பஸ்ஸில் கண்டக்டர் விரலை நாக்கில் நனைத்து டிக்கெட்டைக் கிழிப்பான், அதைக் கையால் வாங்க வேண்டுமே என்றுதான் அவர் மாதப் பாஸ் எடுத்தார். செகந்திராபாத்தில் அத்தனை இரானி ஹோட்டல் இருந்தும் ஒன்றின் படியைக்கூட அவர் மிதித்ததில்லை. அப்பாவும் நானும் உள்ளே டீயைச் சாசரில் ஊற்றி ஊதிக் குடிக்கும்போது அவர் வெளியே ஃபுட்பாத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளாத கதையை அம்மா சிரிக்காமல் சொல்லி நான் கேட்டதில்லை. பெண் பார்க்க பொல்லாரத்துக்குப் போயிருக்கிறார்கள். பெண் நன்றாக இருந்திருக்கிறாள், பாட்டும் வந்திருக்கிறது. பெண்ணின் அப்பா பாசம் பொங்க மாப்பிள்ளையின் காபியைக் கையில் எடுத்து, “சூடா இருக்கு மாப்ளே” என்று சொல்லி ஊதிக் கொடுத்திருக்கிறார். இவர் எழுந்து வெளியே வந்து, முதலில் கிடைத்த சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பெண் தப்பித்தாள் என்பேன் நான்.

பட்டான்செரு போகிற வழியில் இருந்த ஒரு பெரிய அரசாங்க ஃபேக்டரியில் அவருக்கு வேலை. கடைந்து வருகிற இரும்புச் சாமான்களைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்லும் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. இதைவிடப் பொருத்தமான வேலையை அவருக்கு யாராலும் கொடுத்திருக்க முடியாது. தேறாததைக் கையில் எடுத்து, மூக்கை ஏற்றி, ‘சீ’ என்று தனியாக வைப்பார். தேறியதை ஒன்றும் சொல்லாமல் இந்தப் பக்கம் நகர்த்துவார். நல்லா இருக்கு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து கேட்டவர்கள் அந்த ஃபேக்டரியில் கிடையாது, எங்கள் வீட்டிலும் கிடையாது. நான் ஒருமுறை கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு வந்து காட்டினேன். பேப்பரை முழுக்கப் பார்த்துவிட்டு, “இன்னா இது, ஓரத்துல எச்சக் கை வச்சா மாதிரி இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் என்ன சொன்னாலும் நீங்கள் அதை மறந்துவிடக் கூடாது. என் ஏழாவது பிறந்தநாளுக்குப் பக்கத்து பிளாக் ஸ்டெல்லா ஆன்ட்டி செகந்திராபாத்திலிருந்து ஒரு கேக் வாங்கி வந்தார். வெள்ளைக் க்ரீம், மேலே ரோஸ் நிறத்தில் ரோஜாப் பூ. காலனிப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பாட, நான் கன்னம் உப்ப மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். கைதட்டல் முடிவதற்குள் பெரியப்பா நடுவில் புகுந்தார். கத்தியை எடுத்தார். க்ரீம், பூ, என் பெயர் எல்லாவற்றையும் வழித்துக் குப்பைக் கூடையில் தட்டினார்.

“கைக்கு இப்படிப் பாக்குறீங்க எல்லாரும்? துப்புனதைத் துன்னுவீங்களா?” என்றார். ‘கைக்கு’ என்றால் செகந்திராபாத் பேச்சில் ‘எதற்கு’.

அந்தக் கேக் மொட்டை போட்ட தலை மாதிரி மேஜையில் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் கலைந்தன. ஸ்டெல்லா ஆன்ட்டி அடுத்த வருஷம் கேக் வாங்கி வரவில்லை.

அடுத்த வருஷம் கேக் வெட்டும் நிலைமையில் நானும் இல்லை. காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. முழங்காலில் அடிபடாமலே நீலம் பாய்ந்தது. ஒவ்வொரு டாக்டராக ஏறி இறங்கி, கடைசியில் நகரத்துக்குள் இருந்த கேன்சர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் என்னைப் படுக்க வைத்தார்கள். ரத்தத்தில் புற்று. அந்த நாளில் அந்தப் பெயரைச் சொன்னால் கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

டாக்டர் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் அப்பாவிடம் சொன்னதை வார்டு சிஸ்டர் அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். அவரும் செகந்திராபாத்துத் தமிழர்தான், கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பார்.

“இந்த மருந்து நோயைக் கொல்லும்மா. கூடவே வாய்க்குள்ள இருக்கிற தோலையும் அரிச்சிடும். வாய் புண்ணாச்சுன்னா சோறு இறங்காது. அந்தப் புண்ணு வழியா கிருமி ரத்தத்துக்குள்ள போயிடும். அது ஆறுற வரைக்கும் அடுத்த ஊசி போட மாட்டாங்க. ஊசி தள்ளிப்போனா நோய் முந்திக்கும். அதனால முதல்ல வாயைக் காப்பாத்துங்க.”

அம்மா தலையாட்டினாள், அழுதாள், உடனே எழுந்து போய் வராந்தாக் குழாயில் அங்கே கிடந்த பொது டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து, “கொப்பளி கண்ணு” என்றாள்.

“நக்கோ, நக்கோ.” செகந்திராபாத் உருதுவில் வேண்டாம் என்று அர்த்தம். அதுவரை கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கதவோரம் நின்றிருந்த பெரியப்பா பாய்ந்து வந்து டம்ளரைத் தட்டிவிட்டார். “இன்னாம்மா பண்றே? அந்த டம்ளர்ல எத்தினி பேர் வாய வச்சிருக்கான் தெரியுமா? உங்களுக்கெல்லாம் சுத்தம்னா இன்னான்னே தெரியாது. தள்ளு. இத நான் பாத்துக்குறேன்.”

அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இத்தனை முக்கியமான ஒரு வாயை எங்கள் வீட்டு மனிதர்களிடம் விட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஃபேக்டரியில் கேட்டு இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். ஒரு பையில் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், அதில் உப்பும் சோடா உப்பும் கலந்து ஒரு பாட்டில். பிரஷ் ஈறைக் கிழிக்கும் என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால் வெந்நீரில் அலசிக் காயவைத்த மெல்லிய மல் துணி. ஒரு டார்ச். வாயகன்ற பிளாஸ்கில் ஐஸ். அந்தப் புற்று மருந்து மஞ்சளாக இருக்கும், அது ஊசி வழியாக ஏறும்போது வாயில் குளிர்ச்சி இருந்தால் வாய் கொஞ்சம் தப்பிக்கும் என்பது அந்த சிஸ்டரின் நம்பிக்கை. வெளியே தள்ளுவண்டியில் மரத்தூள் ஒட்டிய ஐஸ் கிடைக்கும். பெரியப்பா அதைப் பார்த்து ‘சீ’ சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜ் இருந்த ஃபேக்டரி சினேகிதர் வீட்டில் தன் கையாலேயே கொதித்த தண்ணீரை ஊற்றி உறைய வைத்து எடுத்து வருவார். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவார். முழங்கை வரை கழுவுவார். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அலுத்துப்போகும்.

“ஆ காட்டு.”

காட்டுவேன். டார்ச் வெளிச்சம் உள்ளே இறங்கும். அவர் முகம் என் முகத்துக்கு அத்தனை கிட்டத்தில் இருக்கும். மூக்கு ஏறுவது, உதடு சுருள்வது, கழுத்துக்குள் அந்தக் கட்டி மேலும் கீழும் போவது எல்லாவற்றையும் நான் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கரகரப்பு காதில் கேட்கும். துணியை விரலில் சுற்றிக்கொண்டு பல்லின் உள்பக்கம், வெளிப்பக்கம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி என்று ஒரு மூலை விடாமல் துடைப்பார். கொப்பளிக்கச் சொல்வார். நான் துப்பியதைக் கிட்னி டிரே என்கிற வளைந்த கிண்ணத்தில் பிடித்து, ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். நூல் மாதிரி தொங்குகிறதா, சிவப்பு இருக்கிறதா, வாடை என்ன வாடை. ‘சீ.’ பிறகு டிரேயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வராந்தாத் தொட்டிக்கு ஓடுவார். அவர் ஓங்கரிக்கும் சத்தம் வார்டுக்குள் கேட்கும். திரும்பி வந்து மறுபடி கை கழுவிவிட்டு, “அந்தப் பக்கம் பாக்கி இருக்கு, தொற” என்பார்.

ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இதே கூத்து. அவர் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்கு ஆயிரம் சொல்லிவிட்டுப் போவார். சூடா நக்கோ, காரம் நக்கோ, பிஸ்கட் நக்கோ, அதன் ஓரம் கீறும். ஒருநாள் அம்மாவின் சித்தி பார்க்க வந்து ஆசையாக என் வாயில் முறுக்கு வைத்தார். பெரியப்பா அதை என் பல்லுக்கு நடுவிலிருந்தே பிடுங்கிவிட்டார். “இது இன்னா, ரம்பமா? இதத்தான் வாயில வைப்பியா?” என்று கேட்டார். அந்தச் சித்தி அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்து அழுதாளா, சித்தியை நினைத்து அழுதாளா என்று தெரியாது.

ஆனால் வார்டில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் வாய் வெந்துபோனபோது என் வாய் வேகவில்லை. சிஸ்டர் என் தாடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்தப் பிள்ளை வாயப் பாருங்க, பளிங்கு மாதிரி வச்சிருக்கீங்க சார்” என்றார்.

“இன்னா பளிங்கு சிஸ்டர். எச்ச எச்சதானே” என்றார் பெரியப்பா.

பக்கத்துக் கட்டிலில் சார்மினார் பக்கத்திலிருந்து வந்த ஷபானா இருந்தாள். என் வயதுதான். அவளுக்கு வாய் முழுக்கப் புண். உதட்டில் ஊதா மருந்து தடவியிருப்பார்கள். அவள் அம்மாவும் மாமாவும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்கள். “அச்சா ஹை பேட்டா, பில்குல் அச்சா ஹை” என்பார்கள். நன்றாயிருக்கிறது, ரொம்ப நன்றாயிருக்கிறது. அம்மா அவள் கையில் கண்ணாடி கொடுக்கவே மாட்டாள். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் பொறாமையாக இருந்தது. ஒருநாள் காலை நான் எழுந்தபோது அந்தக் கட்டிலில் வேறு விரிப்பு போட்டிருந்தார்கள்.

எனக்கு மட்டும் தினமும் ‘சீ.’ எட்டு வயதுப் பெண்ணின் முகத்துக்கு நேராக ஒரு பெரிய மனிதர் நாளைக்கு நாலைந்து தடவை அப்படி முகத்தைச் சுளித்தால் அவள் என்ன நினைத்துக்கொள்வாள்? என் உடம்பில் சாக்கடை என்று ஒன்று இருக்கிறது, அது மூக்குக்குக் கீழே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வேன். அம்மா முத்தம் கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்றைக்கும் சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகிறது. எவ்வளவு அடக்கம் என்று என் மாமியார் மெச்சுவார். அடக்கமாவது மண்ணாவது, அது பெரியப்பா.

அந்தச் சமயத்தில்தான் கீழுதட்டின் உள்பக்கம் ஒரு புள்ளி வந்தது. அரிசி நொய் அளவு, வெள்ளையாக. நாக்கு பட்டால் சுருக்கென்றது. என்ன என்று எனக்குத் தெரியும். மறுநாள் மஞ்சள் ஊசி போடும் நாள் என்பதும் தெரியும். இதைப் பார்த்தால் அவர் முகம் எங்கே போகும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரிந்த ஒரு வித்தை உண்டு. பெரியப்பாவை ஓர் இடத்திலிருந்து கிளப்ப வேண்டுமென்றால் ஒரே வார்த்தை போதும். மறுநாள் காலை அவர் டார்ச்சை எடுத்ததும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “வாந்தி வருது” என்றேன்.

அவர் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். “முடிஞ்சுதா?” என்று அங்கிருந்தே கேட்டார். “இல்ல” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி, “வருது” என்றேன். அதற்குள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார். “வாய் எப்படி இருக்கு?” என்று தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டார். முந்தின நாள் வரைக்கும் பளிங்காக இருந்த வாய் அல்லவா. அம்மா, “நல்லா இருக்கு டாக்டர்” என்றாள். மஞ்சள் மருந்து ஏறியது.

அப்புறம் நடந்ததை எழுத எனக்கே குமட்டுகிறது. சில நாட்களில் வாய் மொத்தமும் உடைந்தது. கன்னத்தின் உள்தோல் ஈரக் காகிதம் போல உரிந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. எச்சிலை விழுங்க முடியாது, துப்பவும் முடியாது, அது கயிறு மாதிரி நீண்டு மார்பில் விழும். அதில் ரத்தம் இருக்கும். காலையில் உதடுகள் இரண்டும் காய்ந்த ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு திறக்காது. என் வாடை எனக்கே தாங்கவில்லை. காய்ச்சல் ஏறியது. அடுத்த ஊசியை டாக்டர் நிறுத்திவிட்டார். எப்போது போடலாம் என்று அப்பா கேட்டதற்கு, “முதலில் இதிலிருந்து எழுந்து வரட்டும்” என்றார்.

சிஸ்டர் என் கட்டிலோரம் உட்கார்ந்தார். “இது ஊசிக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும் பாப்பா. உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

பெரியப்பா கையில் பாட்டிலோடு பின்னால் நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. நாக்கு அசையாமல் வார்த்தையைக் குழைத்துக் குழைத்துச் சொன்னேன். “பெரியப்பா சீன்னுவாரு.”

பிறகு அம்மா பேசினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் குரல் உயர்த்தாதவள் என் அம்மா.

“மாமா, போதும். குழம்புல உப்பு பாக்கக் கூடாதுன்னீங்க, சரின்னு இருந்தேன். கேக்க வழிச்சுப் போட்டீங்க, சும்மா இருந்தேன். இப்ப என் பொண்ணு வாயத் தொறக்கவே பயப்படுறா. சாகக் கெடக்கறா. அந்த மூஞ்சிய எடுத்துக்கிட்டு நீங்க வீட்டுக்குப் போங்க.”

அவர் பாட்டிலை மேஜையில் வைத்தார். துணியை மடித்து வைத்தார். போய்விட்டார்.

நன்றாக வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. இப்போதும் அந்த இடத்தில் அம்மா செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். அம்மாவும் சிஸ்டரும் மாறி மாறி என் வாயைத் துடைத்தார்கள். இதமாகத் துடைத்தார்கள். “ஒண்ணுமில்ல கண்ணு, ஆறிட்டு வருது” என்றார்கள். அப்பா பேகம்பேட் ஆபீசிலிருந்து நேராக வந்து, எட்டிப் பார்த்து, “அட, பரவாயில்லயே” என்றார். கண்ணாடி கேட்டேன். அம்மா கொடுக்கவில்லை.

ஒருநாள் காலை பெரியப்பா வந்தார். தயங்கித் தயங்கி வந்து, அம்மா ஒன்றும் சொல்லாததைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். டார்ச்சை எடுத்தார். நான் பயத்தோடு கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.

மூக்கு ஏறவில்லை. உதடு சுருளவில்லை. அதற்குப் பதிலாக அவர் முகத்தில் ஒன்று நடந்தது. இரண்டு கன்னமும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டன, பல் தெரிந்தது. அவர் சிரிக்கிறார் என்பது எனக்குப் புரியவே நேரமாயிற்று. என் வாழ்நாளில் அதற்கு முன்னால் நான் அதைப் பார்த்ததில்லை. நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

“நல்லா இருக்கு பாப்பா” என்றார். “ரொம்ப நல்லா இருக்கு.”

ஷபானாவின் அம்மாவும் மாமாவும் சுற்றி உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இதுதான். எல்லோரும் சொன்னதைப் பெரியப்பாவும் சொல்கிறார் என்றால் இனிமேல் ஒன்றும் இல்லை, விரிப்பை மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அம்மா பொய் சொல்லலாம், அப்பா சொல்லலாம், பெற்றவர்கள் சொல்வார்கள். இந்த மனுஷருக்கு இரும்பிடம்கூட நல்லா இருக்கு என்று சொல்லிப் பழக்கமில்லையே.

மறுநாளும் வந்தார், அதே சிரிப்பு, அதே நல்லா இருக்கு. நான் மூக்கில் செருகியிருந்த ஆகாரக் குழாயைப் பிடுங்கிப் போட்டேன். துடைக்க வந்த துணியைத் தள்ளிவிட்டேன். எதற்கு இனிமேல் என்று இருந்தது. சிஸ்டர் கெஞ்சினார், அம்மா கெஞ்சினாள். உதட்டைக் கெட்டியாக மூடிக்கொண்டேன். கொப்பளிக்காமல் விட்டால் கிருமி உள்ளே போகும் என்று டாக்டர் வந்து அதட்டினார். போகட்டும்.

மூன்றாம் நாள் பெரியப்பா சிரித்துக்கொண்டே குனிந்தபோது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். என் கை எச்சிலும் ரத்தமுமாக இருந்தது. அவருடைய சலவைச் சட்டையில் அது அப்படியே ஒட்டியது. அவர் உடம்பு நடுங்கியது, ஆனால் விலகவில்லை, சிரிப்பையும் விடவில்லை.

“நான் செத்துப்போயிடுவேனா?” என்றேன்.

“சேச்சே. நல்லா…”

“நக்கோ.” உதடு கிழிந்து ரத்தம் வந்தது. “பொய் நக்கோ பெரியப்பா. பாத்து சொல்லுங்க. சீன்னு சொல்லுங்க.”

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு, சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினாள்.

பெரியப்பா எழுந்து போய்க் கை கழுவினார், முழங்கை வரை. டார்ச்சை எடுத்தார். என் தாடையைப் பிடித்துத் திறந்து, ஃபேக்டரியில் ஒரு சாமானைத் திருப்பிப் பார்ப்பது போல மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நிதானமாகப் பார்த்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்தது. மூக்கு ஏறியது. உதடு சுருண்டது. கழுத்துக்குள் கட்டி மேலே வந்தது.

“சீ” என்றார். “கருமம். நாக்கு மொத்தமும் வெந்து கெடக்கு. இடது பக்கம் பாக்கவே சகிக்கல, பொணவாடை அடிக்குது.” மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் கிட்டத்தில் குனிந்தார். “கீழ் உதட்டுக்குள்ள மட்டும் புதுத் தோல் வந்திருக்கு. நேத்து அது இல்ல. மொந்தாநாளும் இல்ல. வலப் பக்கமும் ஓரத்துல மூடிக்கினு வருது. இத விடாம கழுவணும். தொற, நல்லாத் தொற.”

திறந்தேன். துடைத்தார், மூலை மூலையாக. கண்ணில் நீர் வர எரிந்தது. முடித்ததும் டிரேயைக்கூட வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். அடிவயிற்றிலிருந்து அவர் ஓங்கரிக்கும் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. பார்க்க வந்திருந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள், அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் பிழைத்துவிடுவேன் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.